மலையகத்திலிருந்து சொஃப்ட்வேர் பொட்காஸ்ட்: ஆரம்பிப்பதும் சம்பாதிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனிக்கோ வெளிநாட்டுக்கோ கோட் எழுதுகிறவர்கள், தங்களுக்குத் தெரிந்ததைத் தமிழில் பேசிப் பதிவுசெய்ய நினைக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. காசு விஷயத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். அதிகம் பேர் மனம் தளர்வது அங்கேதான்.

யூடியூப் இருக்கும்போது பொட்காஸ்ட் எதற்கு?

பொட்காஸ்ட் என்பது ஓர் எம்பி3 கோப்பு. அந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று செயலிகளுக்குச் சொல்லும் ஓர் ஆர்எஸ்எஸ் கோப்பு. இவ்வளவுதான். இரண்டும் உங்கள் கையில் இருந்தால் எந்தத் தளம் மூடினாலும் கேட்பவர்கள் உங்களோடு இருப்பார்கள். கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் முகவரியைச் சொந்தமாக வைத்திருந்தவர்களின் நேயர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள், நிகழ்ச்சி அப்படியே தொடர்ந்தது.

இன்னொரு காரணம் நம்முடைய பாதைகள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவருக்கு வளைவுக்கு வளைவு சிக்னல் போகும். வீட்டில் இறக்கி வைத்த ஒலி போகாது. 40 நிமிடப் பேச்சு, 64 கேபிபிஎஸ் மொனோவில், ஏறத்தாழ 19 எம்பிதான். டேட்டா கார்ட்டை எண்ணி எண்ணிப் பாவிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். யூடியூபிலும் போடுங்கள், ஆனால் மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

யாரை மனதில் வைத்துப் பேசுவது?

"எல்லா டெவலப்பர்களுக்கும்" என்று ஆரம்பித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் கிடைக்கிறது. தமிழில் கேட்க வருகிறவர் ஆங்கிலத்தில் படித்தும் மனதில் பதியாத ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளத்தான் வருகிறார். அப்படிப்பட்ட ஒருவரை முன்னால் உட்காரவைத்துப் பேசுங்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவரா, பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறவரா, இரண்டு வருடம் ரியாக்டில் இணையப் பக்கங்கள் எழுதிவிட்டு, சேர்வர் பக்க வேலையான பெக்எண்டுக்குப் போக நினைக்கிறவரா என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

மலையகத் தமிழுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது, அதை நாங்கள் மனதார நம்புகிறோம். தமிழ்நாட்டுக் காதுக்கும் இது அந்நியமாகத் தெரியாது, யாழ்ப்பாணத்துக்காரருக்கும் புரியும், மலேசியாவிலும் ரொறொன்ரோவிலும் இருப்பவருக்கும் தடையில்லை. பேச்சை மாற்றி வானொலி அறிவிப்பாளர் மாதிரிப் பேசவேண்டாம். வீட்டில் அண்ணனுக்கு விளக்கும் தமிழே போதும்.

கலைச்சொற்களைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்திலா?

வேலைத்தளத்தில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதையே சொல்லுங்கள். முதல் தடவை மட்டும் பாடப்புத்தகச் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அரே, உங்கள் புத்தகத்தில் அணி என்று இருக்கும்." தமிழ் மூலம் பரீட்சை எழுதியவர் அந்த ஒரு வரியில் பழைய பாடத்தோடு இதைப் பொருத்திக்கொள்வார்.

திரை இல்லாமல் கோட் என்பதை எப்படி விளக்குவது?

கோட் வரிகளை வாசிக்கவே வாசிக்காதீர்கள். அடைப்புக்குறி, கொமா, அரைப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் ஆள் போய்விடுவார். கோட் செய்யும் வேலையின் உருவத்தைச் சொல்லுங்கள், கோட் வரிகளை எபிசோட் குறிப்பில் போடுங்கள்.

தரவுத்தள இன்டெக்ஸை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து ஒபிஸில், யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று எழுதும் செக்ரோல் புத்தகம், 400 பேர். பேர்கள் வேலைக்குச் சேர்ந்த வரிசையில் இருக்கின்றன. "ராமாயி எத்தனை நாள் வேலைக்கு வந்தாள்?" என்று கேட்டால் முதல் பக்கத்திலிருந்து வரி வரியாக விரல் வைத்துப் போகவேண்டும். இதுதான் முழு டேபிள் ஸ்கேன். இப்போது பேர்களை அகர வரிசையில் எழுதி, பக்கத்தில் செக்ரோல் பக்க எண்ணைக் குறித்த சின்னக் கொப்பி ஒன்று வைக்கிறோம். அது இன்டெக்ஸ். ராமாயி உடனே கிடைப்பாள். ஆனால் புதிதாக ஓர் ஆள் சேர்ந்தால் இரண்டு புத்தகத்திலும் எழுதவேண்டும். எல்லாக் கொலத்துக்கும் இன்டெக்ஸ் போட்டால் இன்சர்ட் மெதுவாவது இதனால்தான். கடைசியாக இதைக் கேளுங்கள்: "'ஆயி' என்று முடியும் பேர்களை எல்லாம் எடு" என்றால் சின்னக் கொப்பி உதவுமா? உதவாது. அது முதல் எழுத்தில் அடுக்கியது. எஸ்கியூஎல்லின் லைக் தேடலில், எந்த எழுத்தும் வரலாம் என்று சொல்லும் சதவீதக் குறியை முன்னால் போட்டால் சாதாரண இன்டெக்ஸ் வேலை செய்யாததன் காரணத்தை ஒரு வரி கோட் இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

ஓர் எபிசோடுக்கு இப்படி ஒரு கருத்து போதும். 20 முதல் 30 நிமிடம்.

என்ன மைக் வாங்கவேண்டும்?

பெயரைச் சரியாகக் கேட்டு வாங்குங்கள்: கடையில் "டைனமிக்" என்று கேட்கவேண்டும், "கண்டென்சர்" வேண்டாம். கண்டென்சர் மைக் அறையில் நடக்கும் எல்லாவற்றையும் பிடிக்கும்: நாய், பிரஷர் குக்கர், பக்கத்து வீட்டு டிவி. நம் குளிர்ப் பனியில் அதன் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தமும் வரும். சம்சன் கியூ2யூ, ஓடியோ டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் போன்ற டைனமிக் மைக்குகள் யூஎஸ்பியில் நேரே லெப்டொப்பில் ஓடும். பிறகு மிக்சர் வாங்கினால், அதற்குரிய மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயரிலும் ஓடும்.

அவ்வளவு காசு இல்லையென்றால் போயா பிஒய்-எம்1 கொலர் மைக்கும் போனும் போதும். அதில் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. போனுக்கு ஒரு பக்கம், கெமராவுக்கு மறு பக்கம். கெமரா பக்கம் போட்டால்தான் உள்ளே உள்ள எல்ஆர்44 பட்டன் பெட்டரி வேலை செய்யும். லெப்டொப்பில் சத்தமே வரவில்லை என்ற முறைப்பாடுகளில் பல இந்தச் சுவிட்சில்தான் முடிகின்றன. போனில் பதியும்போது ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

எந்த மைக்காக இருந்தாலும் காற்றுப் புகாத சோற்றுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

லயத்து வீட்டில் பதிய முடியுமா?

முடியும். லயம் என்பது ஒட்டி ஒட்டி நிற்கும் தோட்டத்து வரிசை வீடுகள், ஆகவே எதிரொலி, பக்கத்து வீடு, தகரக் கூரை என்று மூன்று எதிரிகள் இருக்கின்றன.

எதிரொலிக்குக் கம்பளி. அதை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் கட்டுவார்கள். டைனமிக் மைக் தன் முகம் பார்க்கும் திசையைத்தான் கேட்கிறது. அந்த முகம் உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. ஆகவே கம்பளி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். அறை மூலையில் இரண்டு கயிறு கட்டி, இரண்டிரண்டாக மடித்த கம்பளிகளை 'ட' வடிவில் போட்டு, மூலைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. மைக் நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். "பைதன்" என்று சொல்லும்போது 'ப'வில் கிளம்பும் காற்று நேராக மைக்கில் மோதினால் 'டொப்' என்று அடிக்கும்.

பக்கத்து வீட்டுக்கு மருந்து நேரம்தான். இரவு பத்துக்குப் பிறகு, அல்லது பிரட்டு (காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்து எல்லோரும் மலைக்குப் போன காலை நேரம். திருவிழா வாரத்தில் கோவில் லவுட்ஸ்பீக்கரோடு போட்டி போடவேண்டாம். அந்த வாரத்துக்கான எபிசோடை முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

தகரத்தில் மழை பெய்தால் எடிட்டிங்கில் எடுத்துவிடலாமா?

எடுக்க முடியாது. இலவச எடிட்டிங் மென்பொருளான ஒடாசிட்டியின் நொய்ஸ் ரிடக்சன் (இரைச்சல் குறைப்பு), மாறாமல் ஒரே சீராக வரும் சத்தத்தை, அதாவது ஃபேன் இரைச்சலையோ லெப்டொப் இரைச்சலையோ, மாதிரி எடுத்துக் கழிக்கிறது. தகர மழை நொடிக்கு நொடி மாறும், ச, ஸ, ஷ ஒலிகள் இருக்கும் அதே உயர் அலைவரிசையில் பரவி நிற்கும். கழித்தால் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். தென்மேற்குப் பருவமழைக் காலமான மே முதல் செப்டம்பர் வரை, முக்கியமாக வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர்கள், ஏப்ரலுக்குள் ஆறு எபிசோட் கையிருப்பு வைப்பது நல்லது. மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பரில் இடி மழை பெரும்பாலும் பின்னேரம்தான், காலை நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் என்ன வரிசையில் செய்வது?

பதியும்போதே உச்சம் −12 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். சிவப்பைத் தொட்ட பதிவைத் திருத்த வழியில்லை. பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி மௌனமாகப் பதியுங்கள், நொய்ஸ் மாதிரி அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். பிறகு ஒடாசிட்டியில் நொய்ஸ் ரிடக்சன் (6 முதல் 9 டெசிபெல், அதற்கு மேல் போனால் குரல் உலோகமாகும்), 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர், உரத்த இடத்தையும் மெலிந்த இடத்தையும் நெருக்கும் மெதுவான கொம்ப்ரெசர், வெட்டல் ஒட்டல், கடைசியில் மொத்தச் சத்தத்தை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நோர்மலைசேஷன். அந்தப் பெட்டியில் முதலிலேயே −23 என்று இருக்கும். அப்படியே விட்டால் உங்கள் நிகழ்ச்சி மற்றவற்றை விட மெலிதாகக் கேட்கும், பஸ்ஸில் காதில் விழாது. −16 எல்யூஎஃப்எஸ் (சத்த மட்டத்தின் அலகு) போடுங்கள். அப்பிள் கேட்பதும் அதுதான், உச்சம் −1 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்பதோடு.

'ம்', 'வந்து', 'அப்ப' எல்லாவற்றையும் வெட்டவேண்டாம். மூச்சையும் வெட்டினால் மனிதர் பேசுவது மாதிரி இருக்காது.

விருந்தினர் லண்டனில், இங்கே லைன் விட்டுவிட்டு வருகிறது. என்ன செய்யலாம்?

அழைப்பைப் பதியாதீர்கள். இருவரும் வட்ஸ்அப்பிலோ மீட்டிலோ ஹெட்செட் போட்டுப் பேசுங்கள். அதே வேளையில் அவரவர் குரலை அவரவர் கருவியில் தனியாகப் பதியுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் மூன்று எண்ணி இருவரும் ஒரு கைதட்டு. லைன் அறுந்தாலும் பதிவு அறாது. முடிந்ததும் அவர் கோப்பை அனுப்புவார், கைதட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும். முடிவுக் கைதட்டு பொருந்தாமல் சற்றுத் தள்ளி நின்றால் பயப்படவேண்டாம்: இரண்டு கருவிகளின் கடிகாரமும் நுணுக்கமாக வேறுபடும், ஒரு மணி நேரத்தில் அது காதுக்குத் தெரியும். மௌனமான இடத்தில் வெட்டி நகர்த்தினால் சரி.

40 நிமிட மொனோ வேவ் கோப்பு 210 எம்பியைத் தாண்டும். விருந்தினரை ஃப்ளெக் வடிவில் அனுப்பச் சொன்னால் தரம் குறையாமல் அளவு வெகுவாகக் குறையும். கரண்ட் போகும் நாளில் லெப்டொப் பெட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ரௌட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று நல்ல முதலீடு.

கோப்புகளை இணையத்தில் எங்கே ஹோஸ்ட் செய்வது (வைப்பது)? இலவசம் போதுமா?

ஸ்பொட்டிஃபை ஃபோர் கிரியேட்டர்ஸ் இலவசம், அரை மணியில் வேலை முடியும். ஆனால் நீங்கள் டெவலப்பர். சொந்தமாகச் செய்வதே மேல் என்பது எங்கள் கருத்து. கிளவுட்ஃபிளேர் ஆர்2 என்ற இணையச் சேமிப்பகத்தில் 10 ஜிபி இலவசம், வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. எபிசோடுக்கு 19 எம்பி என்றால் 500 எபிசோட் அடங்கும். ஆர்எஸ்எஸ் கோப்பைக் கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இணையதளச் சேவையில் சொந்த டொமைனோடு வைக்கலாம்.

சொந்தமாகச் செய்கிறவர்கள் இடறும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஜியூஐடி என்று ஓர் அடையாளம் உண்டு, அதை ஒருபோதும் மாற்றாதீர்கள். கோப்பு முகவரியையே ஜியூஐடியாக வைத்துவிட்டுப் பிறகு டொமைன் மாற்றினால், செயலிகள் எல்லாப் பழைய எபிசோடையும் புதிது என்று நினைத்துத் திரும்ப இறக்கும். கேட்பவரின் டேட்டா போகும், கோபம் உங்கள்மேல் வரும். ஆர்எஸ்எஸ் கோப்பில் ஒலியைச் சுட்டும் என்குளோசர் டேக்கில் கோப்பின் அளவை பைட் கணக்கில் சரியாகக் கொடுங்கள். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் பைட்-ரேஞ் கோரிக்கையைச் சேர்வர் ஏற்கவேண்டும், இல்லாவிட்டால் அப்பிள் ஏற்றுக்கொள்ளாது. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம். முகவரியில் அது நீண்ட சதவீதக் குறியீடுகளாக மாறிச் சில செயலிகளில் உடையும். தலைப்பும் விவரமும் தாராளமாகத் தமிழில் இருக்கட்டும், மொழிக் குறியீட்டையும் தமிழ் என்றே கொடுங்கள். முகப்புப் படம் 3000க்கு 3000 பிக்சல், ஜேபெக் அல்லது பிஎன்ஜி. போன் திரையில் அது பெருவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும், ஆகவே இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

ஆரம்ப இசைக்கு சினிமாப் பாட்டு பத்து விநாடி போடலாமா?

கூடாது. பத்து விநாடிக்கு விலக்கு என்பது வெறும் பேச்சு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அப்படி ஒரு அளவு இல்லை. யூடியூபும் தானாகக் கண்டுபிடித்து வருமானத்தைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடும். உங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும் அண்ணன்மார் இருப்பார்கள். காசு கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பதினைந்து விநாடி பதியுங்கள். உலகத்தில் வேறு எந்தப் பொட்காஸ்டுக்கும் இல்லாத ஆரம்பம் கிடைக்கும்.

எப்போது காசு வரும்?

விளம்பரத்தை நம்பினால் நீண்ட காலம் வராது. ஆயிரம் பதிவிறக்கத்துக்கு 20 டொலர் என்று ஒருவர் தாராளமாகக் கொடுத்தாலும் 400 பதிவிறக்கத்துக்கு 8 டொலர். ஓர் எபிசோடுக்கு உங்கள் உழைப்பு எட்டு, பத்து மணி நேரம். இந்தக் கணக்கை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அதே 400 பேரை வேறு விதமாகப் பாருங்கள். அவர்கள் அத்தனை பேரும் தமிழில் சொஃப்ட்வேர் கற்கிறவர்கள், உங்கள் குரலை நம்புகிறவர்கள். "வாரம் ஒரு நாள், ஐந்து வாரம், ஜாங்கோவில் (பைதனில் இணையச் செயலி கட்டும் கருவி) ஒரு முழு புரொஜெக்ட்" என்று சூம் வகுப்பு அறிவித்து, ஆளுக்கு 3,000 ரூபா வைத்து, 15 பேர் சேர்ந்தால் 45,000 ரூபா. வகுப்பில் பதினைந்துக்கு மேல் சேர்க்காதீர்கள், ஒவ்வொருவர் எழுதிய கோட் வரிகளையும் பார்த்துச் சொல்ல முடியாமல் போகும். அடுத்த தடவைக்கு ஆள் வருவது இந்தத் தடவை வந்தவர் சொல்வதால்தான்.

வேலையும் வரும். ஒரு விஷயத்தைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவரைத் தேடி ஃப்ரீலான்ஸ் அழைப்பு வருவது இயல்பு. அதற்கு ஒவ்வோர் எபிசோட் குறிப்பிலும் உங்கள் கிட்ஹப் முகவரியும் மின்னஞ்சலும் இருக்கவேண்டும்.

அனுசரணையாளரை எப்படி அணுகுவது?

பத்து எபிசோட் தவறாமல் வந்த பிறகு. ஒரே பக்கம் எழுதுங்கள்: யார் கேட்கிறார்கள், கடந்த நாலு எபிசோடின் 30 நாள் பதிவிறக்கம், என்ன தருவீர்கள், விலை. பதிவிறக்கத்தை நேர்மையாக எண்ணுங்கள். இணைய விளம்பரத் துறை அமைப்பான ஐஏபியின் முறையில், ஒரே ஐபி முகவரியும் ஒரே செயலியும் 24 மணி நேரத்தில் எத்தனை தடவை இறக்கினாலும் ஒன்றுதான், அதுவும் ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருந்தால். சேர்வர் லொக்கில் வரும் மொத்தக் கோரிக்கைகளை எண்ணிச் சொன்னால் பல மடங்கு கூடித் தெரியும். பின்னால் பெயர் கெடும்.

ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசாமல் நாலு எபிசோடுக்கு ஒரு மொத்தத் தொகை கேளுங்கள், பாதி முற்பணம். தமிழ் பேசும் டெவலப்பர்களை வேலைக்குத் தேடும் கம்பனிகளும், ஹட்டன், பதுளை, கண்டியில் கணினி வகுப்பு நடத்துகிறவர்களும் பொருத்தமானவர்கள். விளம்பரத்தை நீங்களே 45 விநாடிக்குள் வாசியுங்கள், இது விளம்பரம் என்று சொல்லிவிட்டு. "ஆறு மாதத்தில் இலட்சம் சம்பளம்" என்று விற்கும் வகுப்புகளை ஏற்காதீர்கள். தோட்டத்தில் நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் தாய்க்கு நீங்கள் பொறுப்பு.

யூடியூப் வருமானம் பெற என்ன வேண்டும்? தோட்ட முகவரி பிரச்சினையாகுமா?

விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 100 டொலர் சேர்ந்த பிறகே அனுப்புவார்கள்.

10 டொலர் தொட்டதும், கூகுளின் விளம்பரப் பணத்தைத் தரும் ஆட்சென்ஸ் உங்கள் முகவரிக்குச் சாதாரணத் தபாலில் ஆறு இலக்கப் பின் எண் (சரிபார்ப்பு இலக்கம்) அனுப்பும். சிக்கல் இங்கேதான். லயத்து வீடுகளுக்குத் தனி இலக்க முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் ஒபிஸுக்குப் போய் அங்கேயே கிடக்கும். நாலு மாதத்துக்குள் அந்தப் பின் எண்ணை உள்ளிடாவிட்டால் விளம்பரம் நிற்கும். ஆகவே 10 டொலர் வரும் முன்பே, டவுனில் கடையோ வீடோ வைத்திருக்கும் உறவினரிடம் கேட்டு அவர் முகவரியைக் கொடுங்கள், "மேற்பார்த்து" என்று அவர் பெயரையும் சேர்த்து. தபாற்காரரிடமும் சொல்லி வையுங்கள். பணம் பெறுபவர் பெயர் மட்டும் வங்கிக் கணக்கில் உள்ளதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, வங்கியில் இன்னொன்று என்றால் பணம் திரும்பிப் போகும்.

அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்தில் வெட்டு விழும். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் பங்கில் மட்டும்தான், இலங்கை–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால் அதுவும் குறையும்.

வெளிநாட்டு நேயர்களின் ஆதரவுப் பணத்தை எப்படிப் பெறுவது?

இணையத்தில் அட்டைப் பணம் வாங்கித்தரும் ஸ்ட்ரைப், இலங்கையில் கணக்குத் திறக்க விடுவதில்லை. பேபாலின் இலங்கைக் கணக்கு நீண்ட காலமாக அனுப்ப மட்டுமே உதவியது. எனவே நேயர்களிடம் பணம் திரட்டித்தரும் ஆதரவுத் தளம் ஒன்றில் சேரும் முன், அது பேயோனியருக்கு (வெளிநாட்டுப் பணத்தை வாங்கி உங்கள் வங்கிக்கு மாற்றும் சேவை) பணம் அனுப்புமா என்று பாருங்கள். தனி ஒருவர் அனுப்புவதென்றால் வைஸ் என்ற பணம் அனுப்பும் சேவை மூலம் நேரே ரூபாக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். வங்கியில் காரணம் கேட்பார்கள். ஒவ்வொரு தொகைக்கும் இன்வொயிஸ் வைத்திருங்கள்.

வரி கட்டவேண்டுமா?

வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு. வெளிநாட்டாருக்குச் சேவை செய்து வங்கி வழியாக வெளிநாட்டு நாணயமாக வரும் வருமானத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். சம்பளமும் இதுவும் சேர்த்துத்தான் கணக்கு. வரி இலக்கத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், வங்கியும் கேட்கும்.

வேலை செய்யும் கம்பனியிடம் சொல்லவேண்டுமா?

நியமனக் கடிதத்தில் வெளி வருமானம், புலமைச் சொத்து பற்றிய வரிகளைப் படியுங்கள். சொல்லி, மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். வாடிக்கையாளர் பெயர், உள் சிஸ்டம், நேற்று விழுந்த சேர்வர் எதையும் பேசாதீர்கள். விருந்தினருக்கும் வெளியிடும் முன் ஒரு தடவை கேட்கக் கொடுங்கள்.

இடையில் நிறுத்த வேண்டிவந்தால்?

பரீட்சை வரும், வீட்டில் நோய் வரும், வேலை மாறும். ஐந்து நிமிட எபிசோட் ஒன்று போட்டு, எந்த மாதம் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். டொமைனை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலாவதியான டொமைனை வேறு ஆள் வாங்கினால், உங்களுக்குச் சந்தா செய்த அத்தனை போனிலும் அவர் போடும் ஒலிதான் இறங்கும். ஹோஸ்ட் மாறுவதென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட்டு, குறைந்தது சில மாதம் அதை வைத்திருங்கள். மூல வேவ் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து, அதையும் மைக் இருக்கும் சோற்றுப் பெட்டியிலேயே வையுங்கள். நம் ஊர் ஈரம் அதையும் விடாது.